கேனின் வாயில் கட்டிய ஈரத்துணி

அன்புள்ள தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது நீ ஒரு வாக்கியம் சொன்னாய். உனக்கு அது மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. உனக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் சாமுவேல் மாமாவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். பெங்களூரில் என்ன வேலை என்று அவர் கேட்டார். ஆராய்ச்சிக் கூடத்துக்கு வெளியே ஒரு பெரிய தொட்டி நிற்கிறது, அதிலிருந்து திரவ நைட்ரஜனைச் சின்னக் கேன்களில் பிடித்து ஒவ்வொரு பிரிவுக்கும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று நீ சொன்னாய். "பத்திரமா செய்டா மாப்ள" என்றார் அவர். நீ சிரித்துக்கொண்டே, "நா இன்னா உங்கள மாதிரி துணிய இறுக்கிக் கட்டிட்டு மூஞ்சிய காட்டுவேனா மாமா?" என்றாய். அவரும் சிரித்தார். "அத்தான் சொல்றேன். நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு கண்ணு போனது போதும்" என்றார். உன் அப்பாவும் சிரித்தார். நான் உள்ளே போய், கழுவி வைத்திருந்த குக்கரை எடுத்து இன்னொரு முறை கழுவினேன்.

அன்று முதல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உன்னைத் திட்டுவதற்காக இல்லை. நீ சொன்னது உன் வாக்கியமே இல்லை, என்னிடமிருந்து நீ கற்றுக்கொண்டது. அது பொய். நீ திங்கட்கிழமை வேலையில் சேருவதற்குள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நேரில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், நீயும் "விடும்மா" என்பாய், பாதியிலேயே விட்டுவிடுவேன். எழுதினால்தான் எனக்கு நேராக வரும். யார் படித்தாலும் படிக்கட்டும் என்று மூடாமல்தான் மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

சின்ன வயதில் நான் எப்படிப்பட்டவள் என்று அப்பா கேலி செய்து நீ கேட்டிருக்கிறாய். அது அத்தனையும் உண்மை. கடலை மடித்து வந்த காகிதத்தைக்கூடப் படிக்காமல் எறிய மாட்டேன். நந்திதுர்க்கில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குப் பொதுக் குழாய் ஒன்றுதான். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று படிப்பேன், என் முறை போனதே தெரியாது, காலிக் குடத்தோடு போய் அம்மாவிடம் அடி வாங்குவேன். புத்தகத்தில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது என்று நம்பிய பெண் நான். உன் அம்மாவை நீ புரிந்துகொள்ள இந்த ஒன்று போதும். நான் செய்த தப்பும் இதிலிருந்துதான் வந்தது.

தங்கச் சுரங்கத்தை மூடி உன் அப்பாவுக்கு வேலை போன பிறகு, எனக்கு ஒரு கால்நடை மையத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. மாடுகளுக்குச் சினை ஊசி போடுவதற்கான விந்துக் குச்சிகளை நைட்ரஜன் கேனில் முக்கி வைத்திருப்போம். கேனில் நைட்ரஜன் வற்றினால் குச்சிகள் எல்லாம் வீண். எந்த நாளும் அது வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அங்கே இருந்த டாக்டர் மெல்லிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். அதை ஒரு வாரத்தில் தமிழில் எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு, அட்டை போட்டுக்கொண்டேன். அந்த நோட்டு இன்றும் பீரோவில் இருக்கிறது, நீயே பார்த்திருக்கிறாய். அந்த நோட்டைப் பார்த்துத்தான் டிரைவர் சாமுவேல் அண்ணன் என்னை "டீச்சரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். அவர் அங்கே நிரந்தர ஊழியர், பல வருஷமாகக் கோலாருக்குப் போய்ப் பெரிய தொட்டியிலிருந்து கேன்களை நிரப்பிக்கொண்டு வருகிறவர். நைட்ரஜனுக்கு அவர் வைத்த பெயர் பேய்த்தண்ணி. தினமும் காலையில், "இன்னா டீச்சரம்மா, பேய்த்தண்ணி இன்னிக்கு இன்னா சொல்லுது? புக்குல இன்னா போட்டுகீது?" என்று கேட்டுக்கொண்டே வருவார்.

முதல் முறை அவரோடு கோலாருக்குப் போனது நன்றாக நினைவிருக்கிறது. புதிதாக வந்த கேனில் குழாயை விட்டு, வால்வை நூல் அளவுதான் திறந்தார். உள்ளே சடசடவென்று கொதித்துப் புகை பொங்கியது. "இன்னும் திறங்கண்ணே, இப்படிப் பிடிச்சா சாயந்தரம் ஆயிடும்" என்றேன். "தோசைக்கல்லு காஞ்சிருக்கும்போது சொம்போட தண்ணி ஊத்துவியா? தெளிக்கத்தானே செய்வே? நமக்குத்தான் இது வெறும் கேனு. அதுக்கு இது காஞ்ச தோசைக்கல்லு" என்றார். பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி என்று நான் அடிக்கோடு போட்டு வைத்திருந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கேன் குளிர்ந்து கொதி அடங்கும் வரை அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காற்று வரும் பக்கமாக நின்றார். உன் தொட்டியில் மீட்டரும் பித்தானும் இருக்கும். இருந்தாலும் முதல் நிமிஷம் அவர் நின்ற மாதிரி நில். அவசரப்படுத்துகிறவர்கள் அங்கேயும் இருப்பார்கள். அன்று அவசரப்படுத்தியது நான்தான்.

அவருடைய கையுறை ஒரு சைஸ் பெரியது. அதை நான் கேலி செய்தபோது கையை ஒரு உதறு உதறினார், கையுறை சுவரில் போய் விழுந்தது. "உள்ள ஒரு சொட்டு பூந்துச்சின்னா இந்த மாதிரி பறக்கணும். கைக்கு ஒட்டுனாப்பல இருந்தா அது கையுறை இல்ல, தோலு" என்றார். பேண்ட் ஷூவுக்கு வெளியேதான் விழ வேண்டும் என்பார். நீ பேண்டின் கீழ்ப்பகுதியை அழகுக்காக மடித்து விடுகிறாய் அல்லவா? அந்த மடிப்பில் சிந்தினால் அது கிண்ணம் மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும். வேலை நேரத்தில் மடிக்காதே. கையில் போட்டிருக்கும் காப்பையும் கழற்றி வை. நான் ஆசையாக வாங்கிக் கொடுத்ததுதான், ஆனாலும் கழற்று. குளிர்ந்த உலோகம் தோலைப் பிடித்தால் தோலை உரித்துக்கொண்டுதான் வரும்.

இன்னொரு நாள் நல்ல மழை. அந்தப் பச்சை ஜீப்பில் கோலாரிலிருந்து வந்துகொண்டிருந்தோம். சாரல் அடிக்கிறது என்று எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டேன். பின்னால் மூன்று கேன்கள், சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம் குலுங்கிக்கொண்டே வந்தன. பங்காருபேட்டைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எழுதியிருந்த கல்லைப் படித்தேன். அப்புறம் வந்த கல்லில் இருந்த எண்ணைப் படித்தேன், ஆனால் என்ன எண் என்று மனதில் நிற்கவில்லை. மூன்றாவது கல்லிலும் அப்படியே. படித்தது எனக்கு நிற்காமல் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. அது வேடிக்கையாக இருந்தது, சிரிப்பு வந்தது, எந்தப் பயமும் இல்லை. சாமுவேல் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னா கொட்டாவி மேல கொட்டாவி வுடுற? ஜன்னல தெற. தெற சொல்றேன்" என்று அதட்டி, ஜீப்பை ஓரம் கட்டி, பின் கதவைத் திறந்துவிட்டு, என்னை மழையில் இறக்கி நிற்க வைத்தார். நனைந்துகொண்டே திட்டினேன். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் திட்டுவதை நிறுத்தினேன்.

அன்று வீட்டுக்குப் போய் என் அப்பாவிடம், அதாவது உன் தாத்தாவிடம், இதைச் சொன்னேன். அவர் சுரங்கத்தில் இருந்தவர். நைட்ரஜன் என்ற வார்த்தையை அவர் கேட்டதில்லை, ஆனால் நான் சொன்னதில் ஒன்றுகூட அவருக்குப் புதிதாக இல்லை. வேலை நின்றுபோன பழைய லெவலுக்குள், அதாவது சுரங்கத்தின் ஆழத்துப் பாதைக்குள், போகும்போது கார்பைடு விளக்கை முன்னால் நீட்டிக்கொண்டு போவார்களாம். "வெளக்கு படுத்துக்கினா நாமளும் படுத்துக்கப் போறோம்னு அர்த்தம். இன்னா ஏதுன்னு யோசிக்கக் கூடாது, திரும்பி நடந்துகினே இருக்கணும்" என்றார். கேனிலிருந்து கசிகிற நைட்ரஜனும் அப்படித்தான், வாசனை இல்லை, நிறம் இல்லை, மூச்சு முட்டவும் செய்யாது. நாம் பார்க்கிற புகை நைட்ரஜன் இல்லை, குளிரில் உறைகிற காற்றின் ஈரம். புகை கலைந்த பிறகும் அந்த அறையில் நமக்கான காற்று இல்லாமல் இருக்கலாம். உன் கூடத்தில் விளக்குக்குப் பதிலாக ஆக்சிஜனை அளக்கும் ஒரு கருவி சுவரில் இருக்கும். அது கத்தினால் அதன் வாயை அடைக்காதே, வெளியே நட. கேனோடு லிப்டில் ஏறாதே. கேனை மட்டும் அனுப்பு, நடுவில் யாரும் ஏறாமல் பார்த்துக்கொள், நீ படியில் போ. உள்ளே யாராவது விழுந்து கிடந்தால் ஓடிப் போய்த் தூக்காதே, முதலில் வெளியே கத்து. உன்னை எனக்குத் தெரியும், நீ ஓடுவாய்.

சொல்ல வந்ததைத் தள்ளிப் போடுகிறேன். சொல்லிவிடுகிறேன்.

காற்றுக் காலத்தில் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த சயனைடு மேட்டிலிருந்து புழுதி கிளம்பினால் தட்டில் சோறு போட்டு வாயில் வைப்பதற்குள் நறநறக்கும். அதனால் இந்த ஊர்ப் பெண்கள் எதையும் திறந்து வைக்க மாட்டோம். குடம், டிரம், மாவுப் பாத்திரம் எல்லாவற்றின் வாயிலும் ஈரத்துணியைப் போட்டுக் கட்டிவிடுவோம். ஈரத்துணியில்தான் புழுதி ஒட்டும், உள்ளே போகாது. நீ குழந்தையாக இருந்தபோது உன் பால் புட்டிக்குக்கூடக் கட்டியிருக்கிறேன். கைக்குப் பழகிப்போன வேலை, யாரும் யோசித்துச் செய்வதில்லை.

நைட்ரஜன் கேனுக்கு மூடி என்று இருப்பது ஒரு தக்கை. அது வாய்க்குள் தளர்வாகத்தான் உட்காரும், பக்கத்தில் எப்போதும் மெல்லிய புகை கசிந்துகொண்டே இருக்கும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். உள்ளே இருக்கிற திரவம் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவாகிக்கொண்டே இருக்கிறது, வாயுவானால் ஏறக்குறைய எழுநூறு மடங்கு இடம் கேட்கும். "மூடியை ஒருபோதும் இறுக்கக் கூடாது" என்று என் நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தேன். ஒரு சனிக்கிழமை காற்று பலமாக அடித்தது. கேன் இருந்த அறையில் ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்தது, தக்கையைச் சுற்றிப் புழுதி படிந்துகொண்டிருந்தது. நான் ஒரு துணியை நனைத்து, பிழிந்து, தக்கையோடு சேர்த்துக் கேனின் கழுத்தில் போர்த்தி, சைக்கிள் டியூபைக் கிழித்து அதன்மேல் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். விதி எனக்கு நினைவில்தான் இருந்தது. மூடியை இறுக்கக் கூடாது என்றுதானே புத்தகம் சொல்கிறது, துணி மூடி இல்லையே என்று நினைத்தேன். இதை நான் மனதுக்குள் வார்த்தை வார்த்தையாக நினைத்தேன், தம்பி. புகை நின்றுவிட்டதையும் பார்த்தேன். வீணாகப் போகிற நைட்ரஜனை மிச்சம் பிடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். அந்தக் குளிரில் ஈரத்துணி கல்லாக உறைந்து கேனின் வாயை அடைத்துவிட்டதால்தான் புகை நின்றது என்பது எனக்குத் தோன்றவில்லை. புத்தகத்தில் நம் ஊர்ப் புழுதியைப் பற்றி ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை காலை சாமுவேல் அண்ணன் அளவு பார்க்கப் போனார். அளவு பார்ப்பது எப்படி என்று உனக்குத் தெரியும், மரக்குச்சியை உள்ளே விட்டு எடுத்து, காற்றில் ஆட்டினால், எவ்வளவு உயரத்துக்கு வெள்ளை பூக்கிறதோ அதுதான் அளவு. "இன்னாத்துக்கு இத்த ஊறுகா ஜாடி மாதிரி கட்டி வச்சிகீற?" என்று அடுத்த அறையிலிருந்த என்னைக் கேட்டார். "தூசு வருதுண்ணே. அவுத்துட்டு அளந்துடுங்க" என்றேன். நோட்டைப் பார்த்தபடியே சொன்னேன், தலையைத் தூக்கவில்லை. டியூபை அவிழ்த்துவிட்டு, ஒட்டிக்கொண்ட துணியைக் குனிந்து நெம்பியிருக்கிறார். பட்டாசு மாதிரி ஒரு சத்தம். தக்கை அவருடைய இடது கண்ணில் அடித்தது, பின்னாலேயே பீறிட்ட குளிர் கன்னத்தில் அடித்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது தரையில் உட்கார்ந்திருந்தார். கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, "கேன பாரு, கேன பாரு, சாஞ்சிடப் போவுது" என்றார்.

கண் போய்விட்டது. கன்னத்தில் அந்த வெள்ளைத் தழும்பு, நீ சின்ன வயதில் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாயே, அது அன்று வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தவரிடம் எங்கள் மையத்து டாக்டர் வந்து கேட்டார், "ஏனப்பா சாமுவேல், இத யாரு கட்டினது?" டாக்டர் கன்னடக்காரர், எங்களுக்காகத் தமிழில் பேசுவார். நான் கட்டிலின் கால்பக்கம் நின்றிருந்தேன். நீ என் வயிற்றில் ஏழு மாதம். உன் அப்பாவுக்கு வேலை இல்லை. என் வேலை தற்காலிகம், ஒரு வார்த்தையில் போய்விடும். இதெல்லாம் காரணம்தான், ஆனால் அந்த நொடியில் இதை எல்லாம் யோசித்ததாகச் சொன்னால் அதுவும் பொய். எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். சாமுவேல் அண்ணன், "நான்தான் சார் கட்னேன். காத்து ஜாஸ்தியா இருந்துச்சி" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு தனியாக இருந்தபோது ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "கணக்கு சிம்பிள் டீச்சரம்மா. நா பர்மனெண்டு, நீ டெம்பரவரி. பர்மனெண்ட தூக்க மாட்டாங்க" என்று சிரித்தார். தூக்கவில்லைதான். ஆனால் ஒற்றைக் கண்ணோடு ஜீப் ஓட்ட விடவில்லை. வண்டி ஓட்டுவது அந்த மனிதருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத்தான் தெரியும், மலைப்பாதையில் திரும்பும்போது சீட்டி அடிப்பார். ஓய்வு பெறுகிற வரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஜீப் வெளியே போகும்போதெல்லாம் கேட்டைத் திறந்துவிடுவது அவர்தான்.

இதோடு போயிருந்தால்கூட உனக்கு எழுத எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. எனக்கு வேலை நிரந்தரமானதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நிரந்தரமானது. டாக்டர் மாறிப் போய்விட்டார், புது ஆளிடம் எதற்கு என்று விட்டேன். அதன்பிறகு புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நைட்ரஜனைப் பற்றிச் சொல்லித் தருகிற பொறுப்பு எனக்கு வந்தது. நன்றாகச் சொல்லித் தருவேன், எல்லோரும் பாராட்டுவார்கள். மூடியை ஏன் இறுக்கக் கூடாது என்பதற்கு ஒரு உதாரணம் வேண்டுமல்லவா? "இங்கேயே ஒருத்தர் கவனமில்லாமல் துணியை இறுக்கிக் கட்டிக் கண்ணை இழந்தார்" என்று சொன்னேன். முதல் முறை சொல்லும்போது நாக்கு தடுமாறியது. அப்புறம் பழகிவிட்டது. வாசலில் அவர் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே சொல்லியிருக்கிறேன். உனக்கும், நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது, இதே வார்த்தைகளில் சொன்னேன். அதைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை நீ அவரிடமே திருப்பிச் சொன்னாய். கவனமில்லாமல் இருந்தவர் அவர் இல்லை. நான்.

திங்கட்கிழமை முதல் நீயும் இந்த மாதிரி ஒரு இடத்தில் நிற்கப் போகிறாய். என் நோட்டில் இருப்பதை எல்லாம் உனக்கு அவர்களே சொல்லிக் கொடுத்திருப்பார்கள், என்னைவிட நன்றாகவே. முகக்கவசம் போடு, மூடியை இறுக்காதே என்று நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எனக்கு உன்னிடம் கேட்க இருப்பது வேறு. எந்த விதியையும் படித்துவிட்டு, உன் கை அதைத் தாண்ட எந்த வழியைத் தேடுகிறது என்று பார். நமக்குப் பழகிப்போன நல்ல பழக்கம்தான் அந்த வழியாக உள்ளே வரும், எனக்கு வந்ததைப் போல. தினமும் கசிகிற புகை ஒரு நாள் கசியாமல் இருந்தால் சந்தோஷப்படாதே, பின்னால் நகர்ந்து நின்று, பெரியவர்களைக் கூப்பிடு. ஏதாவது தப்பு செய்துவிட்டால், யார் செய்தது என்று கேட்பதற்கு முன்பே "நான்" என்று சொல்லிவிடு. வேலை போனால் போகட்டும். நாங்கள் இருக்கிறோம், வீட்டில் சோறு இருக்கிறது. அன்று எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் யாரையும் கேட்கவில்லை.

உன் அப்பாவிடம் செவ்வாய்க்கிழமை சொன்னேன். கேட்டுவிட்டு, "அவருக்கு இன்னும் நீ சோறு மட்டுந்தான் போட்டுனு கீற" என்றார். கோபத்தில் சொன்னாரா என்று தெரியவில்லை. சரியாகத்தான் சொன்னார்.

அதனால் இந்தக் கடிதத்தை, இதுவரை எழுதினதை, நேற்று ஆண்டர்சன்பேட்டைக்கு எடுத்துக்கொண்டு போய் முதலில் சாமுவேல் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் பெயரை வைத்து எழுதியிருக்கிறேன், அவர் வேண்டாம் என்றால் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, காகிதத்தை வலது பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். நான் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். படித்து முடித்துவிட்டு, "ரெண்டு தப்பு கீது டீச்சரம்மா" என்றார்.

"இன்னாண்ணே?"

"ஜீப்பு பச்ச இல்ல, நீலம். எத்தினி வருசம் ஓட்டிகீறேன், எனக்குத் தெரியாதா?"

"சரி. இன்னொண்ணு?"

"தண்ணி ஊத்துனத எழுதவே இல்லியே."

அதை நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் எனக்கு நானே சாதகமாகப் பேசுவது போல இருக்கும். ஆனால் அவர் விடவில்லை. "எழுது" என்றார். "பையன் தெரிஞ்சிக்கணும். அன்னிக்கி ஆள் ஆளுக்கு ஓடியாந்து, வெண்ணி வையி, துணியால தேயின்னு கத்துனாங்க. நீ ஒருத்தரையும் தொட வுடல. வாயும் வயிறுமா இருக்கிற பொம்பள, ஊருல பதினோரு நாளா தண்ணி வரல, குடிக்க வச்சிருந்த ரெண்டு கொடத்தையும் கன்னத்துல ஊத்திகினே இருந்தே. ஆஸ்பத்திரி டாக்டரு இன்னா சொன்னாரு? தேச்சிருந்தா பாதி மூஞ்சி போயிருக்கும்னாரு. தப்பு செஞ்சத எழுதுற, இத்த எழுதாம வுட்டா அதுவும் பொய்தான்."

ஆகவே எழுதிவிட்டேன். சுடுதண்ணீர் வேண்டாம், தேய்க்க வேண்டாம், சாதாரணத் தண்ணீர், நிறைய, டாக்டரிடம் போகிற வரை. ஜீப்பின் நிறத்தை மட்டும் மேலே திருத்தவில்லை. அவருக்கு எவ்வளவு நன்றாக நினைவிருக்கிறது என்று நீ பார்க்க வேண்டும்.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் முறை. அவர், "மாப்ளக்கி எந்த வண்டி?" என்று கேட்டார். மாரிகுப்பத்திலிருந்து காலையில் கிளம்புகிற ரயில் என்றேன். "நா வர்றேன். மொத நாளு, ஏத்தி வுட்டுட்டு வரலாம்" என்றார். நான் கிளம்பி வாசல் வரை வந்த பிறகுதான், "உள்ள உக்காந்து நீ பாடம் எடுத்தது எனக்கு வாசல்ல நல்லா கேக்கும்" என்றார். கதவைச் சாத்தாமல் நான் தெரு திரும்புகிற வரை நின்றிருந்தார்.

திங்கட்கிழமை பிளாட்பாரத்தில் அவர் இருப்பார். நீ அவரிடம் என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லித் தரப் போவதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். இடது பக்கம் வந்து நின்றால் நீ வந்தது அவருக்குத் தெரியாது. வலது பக்கமாகப் போய் நில்.

உன்
அம்மா